ஜேன் ஆஸ்டின் படித்த பெண்கள்: மறந்துபோன நாவலாசிரியர்களைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

1797இல் 'தி இத்தாலியன்' நாவலுக்காக ஆன் ராட்கிளிஃபுக்குக் கிடைத்த தொகை 800 பவுண்டு. 1812இல் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையை ஜேன் ஆஸ்டின் விற்றது 110 பவுண்டுக்கு. இன்று ஆஸ்டினைக் கேள்விப்படாத நாவல் வாசகர் அரிது. ராட்கிளிஃப் என்றால் இலக்கியம் படித்தவர்களே கொஞ்சம் யோசிக்கிறார்கள். சார்லட் ஸ்மித், எலிசபெத் இஞ்ச்பால்ட், மேரி ஹேஸ், ஃபீபி கிப்ஸ் என்று அடுத்தடுத்துப் போனால் யோசிப்பதற்குக்கூட ஒன்றும் இருக்காது.

சுமாராக 1780 முதல் 1830 வரையிலான ஐம்பது ஆண்டுகளை இங்கிலாந்தின் ரொமான்டிக் காலம் என்கிறார்கள். பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக அது ஆறு கவிஞர்களின் காலம்: பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ். ஆறு பேரும் ஆண்கள். ஆனால் அதே ஆண்டுகளில் வாடகை நூலகங்களில் மக்கள் கேட்டு வாங்கிப் போனது நாவல்களை. அவற்றில் பெரும்பங்கைப் பெண்கள் எழுதினார்கள்.

இந்தப் பெண்கள் எங்கோ ஒளிந்து எழுதிய மேதைகள் என்று நினைத்துக்கொண்டு தேட வேண்டாம். ஊரறிய எழுதி, ஊரறிய விற்று, அதன் பிறகு மறக்கப்பட்டவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்கள் நிறையத் தடயம் விட்டுப் போயிருப்பார்கள். அந்தத் தடயங்களை எங்கே பார்ப்பது, எதை முதலில் படிப்பது, எப்படிப் படிப்பது என்பதைத்தான் கீழே சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு நாவலைப் பொறுமையாகப் படிக்க முடிந்தால் போதும். பட்டம் எதுவும் தேவையில்லை.

முதல் படி: ஆஸ்டின் யாரைப் படித்தார் என்று பாருங்கள்

தொடங்க மிக வசதியான இடம் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி' நாவல். அதன் ஐந்தாம் அத்தியாயத்தில், நாவல் படிப்பதை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஆஸ்டின் நேரடியாகப் பதில் சொல்கிறார். அங்கே அவர் பெயர் சொல்லிக் காட்டும் நாவல்கள் மூன்று: 'சிசீலியா', 'கமில்லா', 'பெலிண்டா'. முதல் இரண்டும் ஃபிரான்சிஸ் பர்னி எழுதியவை. மூன்றாவது மரியா எட்ஜ்வொர்த் எழுதியது.

அடுத்த அத்தியாயத்தில் இசபெல்லா என்ற பாத்திரம் ஏழு திகில் நாவல்களின் பெயர்களை ஒப்பிக்கிறது. அந்தப் பெயர்களை ஆஸ்டின் கேலிக்காகக் கற்பனை செய்தார் என்றே பல காலம் நினைத்தார்கள். 1920களில் மைக்கேல் சாட்லியர் போன்ற நூல் சேகரிப்பாளர்கள் தேடிப் பார்த்தபோது ஏழும் உண்மையான புத்தகங்கள் என்று தெரிந்தது. அவற்றில் நான்கைப் பெண்கள் எழுதினார்கள்: எலைசா பார்சன்ஸ் இரண்டு, ரெஜினா மரியா ரோஷ் ஒன்று, எலினார் ஸ்லீத் ஒன்று. ஏழில் பெரும்பாலானவை லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகத்தில் வந்தவை. அந்தக் காலத்து மலிவான பரபரப்பு நாவல் என்றாலே மினர்வாவைத்தான் நினைப்பார்கள்.

இன்னும் இருக்கிறது. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் இளைஞர்கள் வீட்டில் ஒத்திகை பார்க்கும் 'லவர்ஸ் வவ்ஸ்', ஜெர்மன் நாடகாசிரியர் கோட்சபூவின் நாடகத்தை இஞ்ச்பால்ட் ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதியது. 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' என்ற தொடர் 'சிசீலியா'வின் கடைசிப் பக்கங்களில் பெரிய எழுத்தில் மூன்று முறை அச்சாகியிருக்கிறது. ஆஸ்டினை மறுபடி படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, இப்படி வரும் பெயர்களைக் குறித்துக்கொண்டே போங்கள். உங்கள் முதல் பட்டியல் தானாக உருவாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 'ஆஸ்டினுக்கு முன்னோடி' என்ற கண்ணோடு படித்தால் எல்லா நாவலும் குறைப்பட்ட ஆஸ்டினாகத்தான் தெரியும். ராட்கிளிஃபும் ஹேஸும் ஆஸ்டின் செய்ய நினைக்காத வேலையைச் செய்தவர்கள். பட்டியல் கிடைத்ததும் ஆஸ்டினை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நாவலை எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ராட்கிளிஃபின் 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'வில் (1794) தொடங்கி நூறாவது பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். நான்கு பாகம், கோட்டைக்குள் கதை நுழைவதற்கு முன்பே மலையும் அந்திவானமும் பக்கம் பக்கமாக வரும். பழகிய பிறகு அந்த வருணனைகள் அருமையாக இருக்கும். முதல் நாவலாக வேண்டாம். ராட்கிளிஃபைத்தான் படிக்க வேண்டும் என்றால் 'எ சிசிலியன் ரொமான்ஸ்' (1790) சின்னது, வேகமானது.

நான் யாருக்கும் முதலில் கொடுப்பது இஞ்ச்பால்டின் 'எ சிம்பிள் ஸ்டோரி' (1791). மிஸ் மில்னர் என்ற இளம்பெண்ணுக்குத் தந்தை இறந்ததும் டோரிஃபோர்த் என்ற கத்தோலிக்கக் குருவானவர் காப்பாளராகிறார். அவள் அவரையே காதலிக்கிறாள். குருவானவருக்குத் திருமணம் கிடையாது. எனவே சொல்லவும் முடியாது. பிறகு குடும்பப் பட்டமும் சொத்தும் அவருக்கு வந்து சேர, துறவு வாக்கிலிருந்து அவர் விடுவிக்கப்படுகிறார். வேறொரு எழுத்தாளர் அங்கே மணி அடித்துக் கதையை முடித்திருப்பார். இஞ்ச்பால்ட் அங்கிருந்துதான் உண்மையில் தொடங்குகிறார். அதிகாரம் செய்து பழகிய ஓர் ஆணும், அடங்கிப் பழகாத ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் சோதிப்பார்கள்? மாறுவேட விருந்துக்குப் போகக் கூடாது என்று அவர் சொல்ல, அவள் போகிறாள். அந்தக் காட்சியில் இருவரும் பேசுவதைவிடப் பேசாமல் விடுவதுதான் அதிகம்.

இஞ்ச்பால்ட் பல ஆண்டுகள் நாடக மேடையில் நடித்தவர். சிறுவயதிலிருந்து திக்குவாய் இருந்தும் நடிகையானவர். ஒரு கரண்டி தட்டில் விழும் ஓசையை வைத்தே அவரால் ஒரு மனநிலையைக் காட்டிவிட முடியும் என்று படிக்கும்போது தோன்றும். மூன்றாம் பாகம் திறக்கும்போது 17 ஆண்டுகள் கடந்திருக்கும். அதற்குள் என்ன நடந்தது என்பதை அவர் சொல்லி முடிக்கும் வேகம் இன்றைக்கும் அதிர்ச்சி தரும். அதன் பிறகு வரும் பகுதி முதல் பாதி அளவுக்கு இல்லை. மகள் மட்டில்டாவுக்குத் தாயின் உயிர்ப்பு வரவில்லை. இருந்தாலும் முழுவதையும் படியுங்கள்.

உங்கள் ரசனை வேறாக இருந்தால்:

- சிரிக்க வேண்டும் என்றால் பர்னியின் 'எவலினா' (1778). நாட்டுப்புறத்துப் பெண் லண்டனில் தடுமாறும் கதை, கடித வடிவில்.
- ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றால் எட்ஜ்வொர்த்தின் 'காசில் ராக்ரென்ட்' (1800). அயர்லாந்தில் நான்கு ஜமீன்தார்கள் அடுத்தடுத்துச் சொத்தை அழித்த கதையை அந்த வீட்டில் நெடுங்காலம் இருந்த, தாடி என்ற பெயருள்ள வேலைக்காரர் சொல்கிறார்.
- வாதாட்டம் பிடிக்கும் என்றால் மேரி ஹேஸின் 'மெமாயர்ஸ் ஆஃப் எம்மா கோர்ட்னி' (1796). கதாநாயகி தானே போய்க் காதலைச் சொல்கிறாள், காரணகாரியத்தோடு வாதாடுகிறாள். ஹேஸ் தன் சொந்தக் கடிதங்களையே இதில் பயன்படுத்தினார்.
- இருட்டும் இரத்தமும் வேண்டும் என்றால் சார்லட் டாக்கரின் 'ஸோஃப்லோயா' (1806).

மேரி ஷெல்லியை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' தெரியாதவர் இல்லை. ஆனால் கொள்ளைநோயில் மனித குலமே அழிவதைச் சொல்லும் அவருடைய 'தி லாஸ்ட் மேன்' (1826) நெடுங்காலம் மறந்து கிடந்தது. அதையும் ஒரு நாள் படியுங்கள்.

மூன்றாம் படி: புத்தகத்தைக் கையில் கொண்டுவாருங்கள்

இந்த நாவல்கள் எதற்கும் இன்று காப்புரிமை இல்லை. எனவே காசு செலவழிக்காமலே நிறையக் கிடைக்கும். ஓரளவு பெயர் தெரிந்தவர்கள் புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இருப்பார்கள். சிலவற்றை லிப்ரிவாக்ஸில் ஒலியாகக் கேட்கலாம். அங்கே இல்லாதவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ், ஹாத்திடிரஸ்ட் மூன்றிலும் தேடுங்கள். பெயரோடு பாக எண்ணையும் பாருங்கள். மூன்று பாக நாவலில் இரண்டாம் பாகம் மட்டும் ஏற்றப்பட்டிருப்பது சாதாரணமாக நடப்பது.

இந்தத் துறைக்கென்றே ஓர் இடம் உண்டு: இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள சாட்டன் ஹவுஸ். ஆஸ்டினின் அண்ணன் எட்வர்டுக்குச் சொந்தமாக இருந்த மாளிகை. சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சாண்டி லெர்னர் அதைக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்து, பழைய பெண் எழுத்தாளர்களுக்கான நூலகமாக 2003இல் திறந்தார். அரிய நாவல்கள் பலவற்றைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ், பிராட்வியூ பதிப்புகளை வாங்குங்கள். பிராட்வியூவில் அந்தக் கால மதிப்புரைகளும் கடிதங்களும் பின்னிணைப்பாக இருக்கும். திகில் நாவல்களுக்கு வலன்கோர்ட் புக்ஸ்.

எந்தப் பதிப்பு என்பதைக் கவனியாமல் விடாதீர்கள். 'பெலிண்டா' 1801இல் வந்தபோது ஜூபா என்ற கறுப்பின வேலைக்காரருக்கும் லூசி என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கும் அதில் திருமணம் நடந்தது. 1810 பதிப்பில் எட்ஜ்வொர்த் அதை எடுத்துவிட்டார். இலவசப் பிரதி இந்தப் பிந்திய பதிப்பிலிருந்து எடுத்ததாக இருந்தால், நாவலின் மிக முக்கியமான துணிச்சல் ஒன்று உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

நான்காம் படி: பழைய அச்சுக்குக் கண்ணைப் பழக்குங்கள்

ஸ்கேன் பிரதியைத் திறந்ததும் எழுத்துகள் குழப்பும். 1800 வாக்கில் வழக்கொழிந்த நீள எஸ், பார்ப்பதற்கு எஃப் போலவே இருக்கும். ஒரு அத்தியாயம் படித்தால் கண் பழகிவிடும். கணினிக்குத்தான் பழகவில்லை. 'சிஸ்டர்' என்பதை அது 'ஃபிஃப்டர்' என்று பதிந்துவைத்திருக்கும். பிரதிக்குள் சொல் தேடும்போது இரண்டு விதமாகவும் தேடுங்கள். பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் தனியாக ஒரு சொல் நிற்கும். அது அடுத்த பக்கத்தின் முதல் சொல், அச்சகத்தார் தாள்களைச் சரியாக அடுக்குவதற்காக.

கதைக்குத் தாவுவதற்கு முன் முகப்புப் பக்கங்களைப் படியுங்கள். முன்பணம் கட்டியவர்களின் பெயர்ப்பட்டியல் சில நாவல்களில் இருக்கும். 1796இல் வந்த 'கமில்லா'வின் பட்டியலில் 'மிஸ் ஜே. ஆஸ்டின், ஸ்டீவன்டன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 20. பெயர் அச்சில் வந்த மிகப் பழைய இடங்களில் அது ஒன்று.

ஐந்தாம் படி: பணமும் சட்டமும் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் நாவல்கள் பாதிதான் புரியும். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்குச் சொந்தம். நாவல்களில் உயில், கடன், காப்பாளர், திருடப்பட்ட சொத்து எல்லாம் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

சார்லட் ஸ்மித்தின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1749இல் பிறந்தார். பதினைந்து வயதில் பெஞ்சமின் ஸ்மித்துக்குக் கட்டிவைத்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். கணவர் ஊதாரி, கடனுக்காக 1783இல் கிங்ஸ் பெஞ்ச் சிறைக்குப் போனார். சார்லட்டும் கொஞ்ச காலம் அங்கே அவருடன் தங்கினார். 1784இல் கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அது நன்றாக விற்றது. 1787இல் கணவரைப் பிரிந்து, பிள்ளைகளோடு வெளியேறி, மறு ஆண்டு 'எமிலின்' என்ற நாவலோடு வந்தார். அதையும் சேர்த்துப் பத்து நாவல் எழுதினார், குடும்பம் சாப்பிடுவதற்காக. பிரிந்துபோன பின்பும் அவர் எழுதிச் சம்பாதித்ததில் கைவைக்கக் கணவருக்குச் சட்டம் இடம் கொடுத்தது.

மாமனார் 1776இல் இறக்கும் முன் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து எழுதிவைத்திருந்தார். உயில் குழப்பமாக இருந்ததால் வழக்கு சான்சரி நீதிமன்றத்துக்குப் போனது. முடிந்தது 1813இல். சார்லட் 1806இலேயே இறந்துவிட்டார். அந்தச் சொத்தில் பார்படாஸ் அடிமைத் தோட்டங்களும் அடங்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு 'தி ஓல்ட் மேனர் ஹவுஸ்' (1793) படியுங்கள். சொத்தை வைத்து எல்லோரையும் ஆட்டிவைக்கும் கிழவி மிசஸ் ரேலண்ட், அவளுடைய உயிலுக்காகக் காத்திருக்கும் குடும்பம், அமெரிக்கப் போருக்கு அனுப்பப்படும் ஆர்லாண்டோ. வழக்கறிஞர்களைப் பற்றி ஸ்மித் எழுதும் ஒவ்வொரு வரியிலும் அனல் அடிக்கும். என் கணிப்பில் அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த ஆங்கில நாவல்களில் இது ஒன்று.

ஆறாம் படி: எப்படி மறந்தார்கள் என்பதையும் படியுங்கள்

இதுவும் தேடலின் பகுதிதான். காரணம் ஒன்றல்ல.

முதலில் அரசியல். பெண் உரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1797இல் இறந்ததும், கணவர் காட்வின் அவருடைய காதல்களையும் தற்கொலை முயற்சிகளையும் ஒளிக்காமல் வாழ்க்கை வரலாறு எழுதி 1798இல் வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிரான பயம் நாட்டில் உச்சத்தில் இருந்த நேரம். பெண் உரிமை பேசிய எல்லோர் மேலும் சேறு விழுந்தது. ஹேஸைக் கேலி செய்து ஒரு பாத்திரத்தையே படைத்தார் எலிசபெத் ஹாமில்ட்டன். ஒரு பெண்ணை இன்னொரு பெண் எழுத்தாளர் தாக்குவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இவர்கள் எல்லோரும் ஒரே கட்சி இல்லை.

அப்புறம் தொகுப்புகள். 1810இல் அன்னா பார்போல்ட் ஐம்பது பாகங்களில் தொகுத்த ஆங்கில நாவல் வரிசையில் பெண்கள் பலர் இருந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் வால்டர் ஸ்காட் முன்னுரை எழுதிய வரிசையில் கிளாரா ரீவ், ராட்கிளிஃப் எனச் சிலரே. 1957இல் இயன் வாட் எழுதிய, எல்லாக் கல்லூரிகளிலும் பாடமான ஆய்வில் நாவலின் எழுச்சி டீஃபோ, ரிச்சர்ட்சன், ஃபீல்டிங் என்ற மூன்று ஆண்களின் கதையாகிவிட்டது. மீட்பு வேலை வேகம் பிடித்தது 1980களில். 1986இல் டேல் ஸ்பெண்டர் எழுதிய நூலும் அதையொட்டி வந்த மறுபதிப்புகளும் பலரை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தன.

மூன்றாவது காரணம் வெறும் தாள். 1820களில் மூன்று பாக நாவலின் விலை ஒன்றரை கினி வரை ஏறியது (ஒரு கினி, ஒரு பவுண்டைவிடச் சற்று அதிகம்). வீட்டுக்கு வாங்கியவர்கள் குறைவு. வாடகை நூலகங்கள் வாங்கின. கைமாறிக் கைமாறிக் கிழிந்ததும் தூக்கிப்போட்டார்கள். ஆனால் ஜெர்மனியில் ஹோக்ஸ்டருக்கு அருகே கோர்வை மாளிகையில் இருந்த ஒரு பிரபு குடும்பம் இந்த நாவல்களைப் புதிதாக வாங்கிப் பத்திரமாக அடுக்கிவைத்தது. மிக அரிதான பல ஆங்கில நாவல்கள் இன்று அங்கேதான் நல்ல நிலையில் இருக்கின்றன.

ஏழாம் படி: இந்தியாவுக்கு வந்த கதைகள்

நமக்கு இந்தப் பகுதியில் தனிப் பிடிப்பு இருக்கும். 1789இல் ஆசிரியர் பெயரில்லாமல் 'ஹார்ட்லி ஹவுஸ், கல்கத்தா' வந்தது. சோஃபியா என்ற ஆங்கிலப் பெண் கல்கத்தாவிலிருந்து தோழிக்கு எழுதும் கடிதங்கள். விருந்து, பல்லக்கு, குதிரைப் பந்தயம், இளம் பிராமணர் ஒருவருடன் தத்துவப் பேச்சு. நாவல் என்பதையே மறந்து, கல்கத்தா வாழ்க்கைக்கு ஆதாரமாக இதை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எழுதியவர் ஃபீபி கிப்ஸ் என்பது, வறுமையில் 1804இல் அவர் ராயல் இலக்கிய நிதியத்துக்கு அனுப்பிய உதவி விண்ணப்பத்திலிருந்து தெரியவந்தது.

ஹாமில்ட்டனின் 'டிரான்ஸ்லேஷன் ஆஃப் தி லெட்டர்ஸ் ஆஃப் எ ஹிந்து ராஜா' (1796), சிட்னி ஓவன்சனின் 'தி மிஷனரி' (1811) இரண்டையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். இருவரும் இந்தியா வந்ததில்லை. ஹாமில்ட்டனின் ராஜா இங்கிலாந்தை வெளியாள் கண்ணால் கூர்மையாகப் பார்ப்பார். அதே சமயம் கம்பெனி ஆட்சியைப் புகழவும் செய்வார். இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள். மாப்பிள்ளை தேடிப் பெண்களைக் கப்பலேற்றிய காலம் அது. ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியாவே அப்படி வந்து 1753இல் கடலூரில் மணமுடித்தவர்.

எட்டாம் படி: பெயரில்லாதவர்களைத் துரத்துங்கள்

'சிசீலியா' முகப்பில் பர்னியின் பெயர் இருக்காது. 'எவலினாவின் ஆசிரியர்' என்று இருக்கும். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் 'ஒரு சீமாட்டி'. அடுத்த நாவலில் முந்தைய நாவலின் பெயர். இந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால் பெயரில்லாத பல நாவல்கள் ஒரே கைக்கு வந்து சேரும். சரிபார்க்க இரண்டு இலவசத் தரவுத்தளங்கள் உதவும்: கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் 'பிரிட்டிஷ் ஃபிக்‌ஷன் 1800–1829', சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் 'விமன்ஸ் பிரின்ட் ஹிஸ்டரி புராஜெக்ட்'. மதிப்புரை, முன்பணப் பட்டியல் போன்ற விவரங்கள் முதலாவதில் கிடைக்கும். எல்லாச் சங்கிலியும் பெயரில் முடியாது. ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்து வரும் கலப்பினப் பெண்ணின் கதையான 'தி உமன் ஆஃப் கலர்' (1808) யார் எழுதியது என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

கடைசியாக: படித்ததைத் தமிழில் எழுதுங்கள்

இவர்களில் பலரைப் பற்றித் தமிழில் படிக்க அதிகம் இல்லை. படித்து முடித்ததும் ஒரு பக்கமாவது எழுதி வெளியிடுங்கள். முதல் பதிப்பு வந்த ஆண்டு, எத்தனை பாகம், முகப்பில் யார் பெயர் இருந்தது, நீங்கள் படித்தது எந்தப் பதிப்பு, இலவசப் பிரதி எங்கே என்ற ஐந்தும் அதில் இருந்தால் அடுத்து வருகிறவருக்கு உதவும். மறக்கப்பட்டவர் என்பதற்காக இல்லாத பெருமையைச் சேர்க்காதீர்கள். மினர்வா நாவல்களில் பல இழுவைதான். அதையும் சொல்லுங்கள், நீங்கள் பாராட்டும்போது நம்புவார்கள்.

மொழிபெயர்க்கவும் யாருடைய அனுமதியும் வேண்டாம். நவீன பதிப்பாசிரியரின் முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதில் தொடங்குவது என்று கேட்டால் 'காசில் ராக்ரென்ட்' என்பேன். சிறியது, முழுக்க முழுக்க ஒரு வயதான வேலைக்காரர் வாயால் சொல்லும் கதை. எஜமானர்களைப் புகழ்ந்துகொண்டே அவர்கள் குட்டை உடைக்கும் அந்தப் பேச்சு, உங்கள் ஊர்ப் பேச்சுத் தமிழில் நன்றாக உட்காரும். முதல் பத்துப் பக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.